இறையியலில் டாக்டர் பட்டம்: களியக்காவிளை, பாறசாலை பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

களியக்காவிளை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இரண்டு பக்கமும் தமிழ் ஜெபிக்கும் வீடுகள் உண்டு. பி.டி. என்ற இறையியல் இளநிலைப் பட்டம் முடித்த போதகர்கள், எம்.ஏ. முடித்த பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் இறையியலில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறார்கள். செமினாரியில் பாடம் எடுக்கிறவன் என்பதால் அவர்கள் என்னிடம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

இறையியலில் டாக்டர் பட்டம் என்றால் ஒரே பட்டம்தானா?

இல்லை. நம் நாட்டில் மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றையும் தருவது வேறு வேறு அதிகாரம்.

முதலாவது டி.டிஎச்., அதாவது இறையியல் முனைவர். இதை வழங்குவது மேற்கு வங்கத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள செராம்பூர் கல்லூரியின் செனட். கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூன்று மிஷனரிகள் 1818-ல் தொடங்கிய கல்லூரி அது. 1827-ல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்தார். 1918-ல் வங்காளச் சட்டசபை தனிச் சட்டமே இயற்றியது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மார்த்தோமா, ஆர்த்தடாக்ஸ், லுத்தரன் செமினாரிகளில் பலவும் இந்த செனட்டோடு இணைந்தவை.

இரண்டாவது கத்தோலிக்கத் திருச்சபையின் எஸ்.டி.டி. என்ற இறையியல் முனைவர் பட்டம். வத்திக்கானின் அங்கீகாரம் பெற்ற பீடங்கள் தருவது.

மூன்றாவது பல்கலைக்கழக பி.எச்டி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ ஆய்வுத் துறை இருக்கிறது. மைசூர் பல்கலைக்கழகத்திலும் கிறிஸ்தவத்துக்கென்று துறை உண்டு. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி நடக்கும் ஆராய்ச்சி இது.

இவை தவிர டி.மின். என்று ஒன்று இருக்கிறது. ஊழியத்தில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் தங்கள் பணியைப் பற்றியே ஆராய்ந்து எழுதும் பட்டம். நல்ல படிப்புதான். ஆனால் கல்லூரிப் பேராசிரியர் வேலைக்கு பி.எச்டி.யின் இடத்தில் அதை வைக்க முடியாது.

எனக்கு எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பட்டம் முடித்து எங்கே நிற்கப்போகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். செமினாரியில் பாடம் சொல்லித்தர ஆசை என்றால் டி.டிஎச். நேர்வழி. மேஜர் செமினாரியில் கற்பிக்க வேண்டிய குருவானவர் என்றால் திருச்சபைப் பட்டம். அரசு உதவிபெறும் கல்லூரியில் வேலை வேண்டும் என்றால் பல்கலைக்கழக பி.எச்டி.யும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வும். இந்த மூன்றாவது ஆசையை மனதில் வைத்துக்கொண்டு முதல் வழியில் ஐந்தாறு வருடம் போய்விட்டு, கடைசியில் நேர்காணலில் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கும்போது கலங்கி நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த வேலையை நினைத்துப் படிக்கிறீர்களோ, அந்த நிறுவனத்துக்கே ஒரு கடிதம் எழுதி, இந்தப் பட்டத்தை ஏற்பீர்களா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட மட்டும்தான் ஆசை என்றால், அந்த ஆண்டுகளை ஊழியத்துக்கே கொடுங்கள் என்றுதான் சொல்வேன். இறையியலாளர் எம்.எம். தாமஸ் திருவனந்தபுரத்தில் வேதியியல் படித்தவர். செமினாரியில் முறையாகப் படித்தவர் அல்ல. அவர்தான் 1968 முதல் 1975 வரை உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பட்டம் இல்லாமலும் இறையியல் செய்யலாம். ஆனால் ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு வழிகாட்டியும் நூலகமும் நேரமும் வேண்டும் என்றால், அப்போது வாருங்கள்.

டி.டிஎச். வரை போக என்னென்ன படித்திருக்க வேண்டும்?

பி.டி., அப்புறம் எம்.டிஎச். என்ற இறையியல் முதுநிலை, அதன் பிறகுதான் டி.டிஎச். கலை, அறிவியல் பட்டதாரிக்கு பி.டி. பெரும்பாலும் 4 ஆண்டு, எம்.டிஎச். 2 ஆண்டு. எம்.டிஎச்.சில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிறிஸ்தவ இறையியல், திருச்சபை வரலாறு, மதங்கள், மிஷன் ஆய்வு என்று எந்தப் பிரிவை எடுக்கிறீர்களோ, அதே பிரிவில்தான் முனைவர் ஆராய்ச்சியும் தொடரும். ஆகவே உண்மையான தேர்வு எம்.டிஎச்.சில் சேரும்போதே நடந்துவிடுகிறது. அந்த நேரத்தில் யாரும் நம்மை உட்காரவைத்துச் சொல்வதில்லை; இடம் கிடைத்த பிரிவில் சேர்ந்துவிடுகிறோம். எம்.டிஎச். விண்ணப்பம் நிரப்பும் முன்பே யோசியுங்கள்.

நமக்குப் பக்கத்தில் எங்கே படிக்கலாம்?

களியக்காவிளையிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம் கண்ணம்மூலை. அங்கே கேரள ஐக்கிய இறையியல் செமினாரி இருக்கிறது. அதுவும், கோட்டயத்திலுள்ள ஆர்த்தடாக்ஸ் செமினாரியும் மார்த்தோமா செமினாரியும் சேர்ந்து எஃப்.எஃப்.ஆர்.ஆர்.சி. என்ற கூட்டுப் பீடத்தை நடத்துகின்றன. எம்.டிஎச்., டி.டிஎச். இரண்டும் அங்கே உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வசதி: நாகர்கோவில் பக்கமிருந்து கோட்டயம் வழியாக மங்களூர் போகும் பரசுராம் எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்தால் போதும்.

சிரியாக் மொழியில் நாட்டம் இருந்தால் கோட்டயத்தில் சீரி என்று அழைக்கப்படும் புனித எஃப்ரேம் ஆய்வு நிறுவனம் 1985 முதல் இயங்குகிறது. உலகின் பல நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்துபோகும் இடம். தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

தூரம் பரவாயில்லை என்றால் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, பெங்களூரு யு.டி.சி. (ஐக்கிய இறையியல் கல்லூரி) இரண்டும் பழுத்த நூலகம் உள்ள இடங்கள்.

கத்தோலிக்க வழி எப்படி? பொதுநிலையினர் சேரலாமா?

சேரலாம். திருச்சபைப் பீடங்கள் குருக்களுக்கு மட்டும் என்ற எண்ணம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. குழித்துறை, நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், தக்கலை என்று இலத்தீன், மலங்கரை, மலபார் மறைமாவட்டங்கள் அடுத்தடுத்து இருக்கும் பகுதியில் பொதுநிலையினர் இந்த வழியில் போனது மிகக் குறைவு. சட்டம் தடுக்கவில்லை.

படிகள்: இளநிலையான எஸ்.டி.பி., பின்னர் 2 ஆண்டு முதுநிலையான எஸ்.டி.எல்., அதன் பிறகு எஸ்.டி.டி. முழு விதிகளும் திருத்தந்தை பிரான்சிஸ் 2017 டிசம்பரில் கையெழுத்திட்ட திருத்தூதுச் சட்டத்தில் உள்ளன. ஆய்வேட்டை, குறைந்தபட்சம் அதன் முக்கியப் பகுதியை, அச்சிட்டு வெளியிட்ட பிறகே பட்டம் முழுமை அடைகிறது. இந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். கோட்டயம் வடவாதூர், ஆலுவா மங்கலப்புழை, பெங்களூரு தர்மாராம், புனே ஞானதீபா ஆகியவை தெரிந்த இடங்கள்.

பல்கலைக்கழக பி.எச்டி.க்கு என்ன விதி?

யு.ஜி.சி. 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைதான் இப்போது அடிப்படை. முதுகலையில் 55 சதவீதம்; பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளி, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு. கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு வரை. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. பகுதி நேரமாகச் செய்யலாம், வேலை செய்யும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். தொலைதூரக் கல்வியில் பி.எச்டி. கிடையாது. எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது.

ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். இது முக்கியம். உங்களுக்குப் பிடித்த வழிகாட்டியிடம் காலியிடம் இருக்கிறதா என்று கேட்ட பிறகே மற்ற வேலை.

பணம் கட்டினால் ஆறு மாதத்தில் டாக்டர் பட்டம் என்று அழைப்பு வருகிறதே?

ஒரு பைசா கொடுக்காதீர்கள். 1956-ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 22-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: மத்திய, மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அல்லது பாராளுமன்றச் சட்டம் தனி அதிகாரம் கொடுத்த நிறுவனம் இவைதான் பட்டம் தரலாம். ஓட்டல் ஹாலில் கவுனும் தொப்பியும் மாட்டி, மாலை போட்டுப் படம் எடுத்துத் தரும் காகிதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. தன் இணையதளத்தில் வெளியிடுகிறது, பாருங்கள்.

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ரப்பர் வெட்டியும் முந்திரி ஆலையில் உடைத்தும் காணிக்கை போடும் சபை மக்களின் பணம் இப்படிப் போகிறது. ஆலயத்தின் வெளியே பேனரில் போதகரின் பெயருக்கு முன் புதிதாக டாக்டர் என்று எழுதியிருந்தால், சபைக் கமிட்டி மரியாதையோடு கேட்கலாம்: ஐயா, எந்தப் பல்கலைக்கழகம், ஆய்வேட்டின் தலைப்பு என்ன? உண்மையாகப் படித்தவர் மகிழ்ச்சியோடு ஒரு மணி நேரம் பேசுவார்.

எபிரேயம், கிரேக்கம் எல்லாம் கட்டாயமா?

வேதாகமப் பிரிவு என்றால் கட்டாயம். பழைய ஏற்பாட்டுக்கு எபிரேயம், புதிய ஏற்பாட்டுக்கு கிரேக்கம். ஜெர்மனியில் இறையியல் முனைவர் படிப்புக்கு இவற்றோடு லத்தீனும் கேட்பார்கள். வரலாற்றுப் பிரிவு என்றால் உங்கள் ஆவணங்கள் எந்த மொழியில் உள்ளனவோ அந்த மொழி.

இங்கேதான் எல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு பலம் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் அல்லது பஸ்ஸில் மலையாளம். சென்னையிலிருந்தோ கோழிக்கோட்டிலிருந்தோ வரும் ஆராய்ச்சியாளர் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பிடிக்க வேண்டியது உங்களுக்குப் பிறப்பிலேயே வந்திருக்கிறது. ஆனால் மலையாளம் பேசத் தெரிந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறுகிறவர்கள் இந்தப் பக்கம் அநேகர். ஆறு மாதம் தினமும் ஒரு மலையாள நாளிதழ் வாசியுங்கள். பிறகு பாருங்கள், கதவு எப்படித் திறக்கிறதென்று.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"இக்காலத் திருச்சபையில் அன்பின் இறையியல்" போன்ற தலைப்போடு வருகிறவர்கள்தான் அதிகம். இப்படிப்பட்ட தலைப்பில் எதையும் எழுதலாம், எதையும் நிரூபிக்க முடியாது. ஓர் இடம், ஒரு காலம், ஒரு கேள்வி என்று சுருக்குங்கள்.

நம் மண் எவ்வளவு வளமானது என்று யோசித்துப் பாருங்கள். 1806-ல் ஆரல்வாய்மொழி வழியாக லண்டன் மிஷனின் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தார். மைலாடி வேதமாணிக்கம் அவருக்கு முன்பே விசுவாசத்துக்கு வந்து காத்திருந்தவர். 1809-ல் அங்கே ஆலயம் எழுந்தது. மிஷனரிதான் எல்லாவற்றையும் தொடங்கினார் என்று எழுதுவது வழக்கம். வேதமாணிக்கத்தின் பக்கத்திலிருந்து அதே வரலாற்றை எழுதினால் இறையியல் எப்படி மாறும்? இது ஒரு ஆய்வேட்டுக்குப் போதும்.

பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசரின் பிரகடனம் வரை நீண்டது. அதை சமூக வரலாறாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். சாணார் குலப் பெண்கள் தங்கள் உடலைக் குறித்து சபையில் என்ன கேட்டார்கள், கடவுளின் சாயல் என்ற போதனையை எப்படிக் காதில் வாங்கினார்கள் என்று இறையியல் கேள்வியாகக் கேட்டவர் குறைவு.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்து, 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய வழிபாட்டில் எல்லையின் இரு பக்கமும் வெவ்வேறு சபையார் எப்படிக் கலந்துகொள்கிறார்கள் என்பது இன்று நம் கண்முன் நடக்கிற விஷயம். சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் (1809–1851) இயக்கத்துக்கும் லண்டன் மிஷனுக்கும் இருந்த உரசலை மிஷன் அறிக்கைகளே சொல்கின்றன. இரண்டு தரப்பையும் மரியாதையோடு வாசிக்கிற ஒருவர் இங்கிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை.

தலைப்பை முடிவு செய்யும் முன் ஷோத்கங்கா தளத்தில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். செராம்பூர் ஆய்வேடுகளுக்குச் செமினாரி நூலகத்துக்கே போய்ப் பார்ப்பது நல்லது.

ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

லண்டன் மிஷனின் கடிதங்கள், அறிக்கைகள் லண்டன் சோவாஸ் நூலகத்தில் உள்ளன. திருவிதாங்கூர் அரசுப் பதிவுகள் திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில். பெங்களூரு யு.டி.சி. ஆவணக் காப்பகத்தையும் விடாதீர்கள்.

ஆனால் முதலில் உங்கள் சபையின் இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, சேகரக் கமிட்டி மினிட்ஸ். பழைய பதிவேட்டில் ஒரு பக்கத்தை நிதானமாகப் பாருங்கள்: பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில் என்று கட்டம் கட்டமாக இருக்கும். தகப்பனின் பெயர் பழைய ஊர்ப்பெயராகவும், பிள்ளையின் பெயர் வேதாகமப் பெயராகவும் இருக்கும் பக்கங்கள் வரும். சில பக்கம் தாண்டினால் இரண்டுமே வேதாகமப் பெயராகிவிடும். ஒரு தலைமுறை மாறுகிற இடம் அது. தேதி கொல்லம் ஆண்டில் இருந்தால் பயப்பட வேண்டாம். சிங்ஙத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில், அந்த ஆண்டு பிறக்கிறது. அங்கிருந்து டிசம்பர் வரை 824 கூட்டுங்கள், ஜனவரிக்குப் பிறகு 825. கொல்லம் 1034 கர்க்கடகம் என்றால் 1859.

பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். ஆலயத்திலேயே, போதகர் முன்னிலையில், கைபேசியில் படம் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், காகிதம் பொடியும் நிலையில் இருக்கும்.

ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாமா?

செராம்பூர் வழியில் நடைமுறை ஆங்கிலம்தான். கிறிஸ்தவத் தமிழ் இலக்கியம் பற்றி ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையில் பதிவு செய்தால் தமிழிலேயே எழுதலாம்; மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக எல்லைக்குள் உள்ள கல்லூரிகளில் இதைப் பலர் செய்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் முடித்த பிறகு தமிழில் ஒரு சிறு புத்தகமாவது கொண்டுவாருங்கள். யாரைப் பற்றி எழுதினீர்களோ அந்தச் சபை மக்கள் அதை வாசிக்க வேண்டும்.

செலவுக்கு என்ன வழி?

நெட் தேர்வில் மதங்களின் ஒப்பீட்டு ஆய்வு ஒரு பாடமாக இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஆனால் பல்கலைக்கழக பி.எச்டி. ஆராய்ச்சிக்குத்தான் இது. டி.டிஎச். படிப்புக்கு பெரும்பாலும் பேராயமோ, செமினாரியோ, வெளிநாட்டுத் திருச்சபை உதவியோதான். பேராயம் அனுப்பினால் திரும்பி வந்து இத்தனை ஆண்டு பணி செய்வேன் என்று ஒப்பந்தம் கேட்கும். கேட்பது நியாயம். கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள்.

எனக்குச் சாதிச் சான்றிதழ் கேரளம், படிக்கப்போவது தமிழ்நாடு. சலுகை கிடைக்குமா?

மாநில ஒதுக்கீடு அந்தந்த மாநிலப் பட்டியலின்படிதான். களியக்காவிளையில் சாலைக்கு இரு பக்கமும் உறவினர்கள் குடியிருந்தாலும் சான்றிதழ் வேறு. கேரளப் பட்டியலில் எஸ்.ஐ.யு.சி. நாடார் என்று இன்றும் இருக்கிறது. எஸ்.ஐ.யு.சி. என்ற தென்னிந்திய ஐக்கிய சபை 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ.யோடு கலந்துவிட்டது, தாலுகா ஆபீசில் அதன் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவ நாடார் பிற்படுத்தப்பட்டோர்.

தலித் கிறிஸ்தவர்களுக்கு நிலைமை கடினம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவர்களானவர்களைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோரில் வைக்கிறது, கேரளம் ஓ.இ.சி. என்ற பிரிவில் கல்விச் சலுகை தருகிறது. இதே அநீதியை ஆராய்ச்சித் தலைப்பாக எடுத்த தலித் மாணவர்களால்தான் இந்திய இறையியல் கடந்த 40 ஆண்டுகளில் உயிர்பெற்றது என்று நான் நம்புகிறேன்.

பெண்கள் இந்தப் படிப்பு படித்து என்ன செய்ய முடியும் என்கிறார்களே?

சி.எஸ்.ஐ.யில் பெண்கள் குருத்துவ அபிஷேகம் பெறுகிறார்கள்; 2013-ல் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்துக்குப் பெண் பேராயரே வந்துவிட்டார். அபிஷேகம் தராத சபைகளிலும் பெண்கள் கற்பிக்கிறார்கள், எழுதுகிறார்கள். வீட்டில் "கல்யாணம் முடிந்து படிக்கலாமே" என்பார்கள். சேர்ந்துவிட்டுக் கல்யாணம் செய்யுங்கள் என்பதுதான் நான் தாய்மாரிடமும் தகப்பன்மாரிடமும் சொல்வது. பதிவு ஒன்று கையில் இருந்தால் பிறகு தொடர முடியும்.

ஆராய்ச்சி செய்தால் விசுவாசம் போய்விடுமா?

இந்தக் கேள்வியைத் தாய்மார்கள்தான் என்னிடம் கேட்பார்கள், கண் கலங்கக் கேட்பார்கள். அதனால் இதை லேசாகச் சொல்ல மனம் வரவில்லை. விசுவாசத்தின் சில பழக்கங்கள் மாறும். ஐந்து ஆகமங்களும் ஒரே கையால் எழுதப்பட்டவையா என்று வகுப்பில் முதல் முறை கேட்கும்போது பிள்ளை ஆடிப்போவான். அந்த நேரத்தில் அவனோடு பேச ஒருவர் வேண்டும். சபையோடு இருக்கும் தொடர்பை அறுத்துக்கொண்டு நூலகத்தில் மட்டும் வாழ்ந்தவர்கள் தளர்ந்ததைக் கண்டிருக்கிறேன். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போய், வியாதியஸ்தரைப் பார்த்து, கேள்விகளையும் விடாமல் கேட்டவர்கள் ஆழமான ஊழியக்காரர்களாகத் திரும்பி வந்தார்கள். உங்கள் பிள்ளை விடுமுறையில் வரும்போது அவன் கேள்விகளைக் கேட்டுப் பயந்து வாயை அடைத்துவிடாதீர்கள்.

கிறிஸ்தவர் அல்லாதவர் சேரலாமா?

பல்கலைக்கழகத் துறைகளில் தாராளமாக. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், இஸ்லாமிய ஆய்வு எல்லாவற்றுக்கும் தனித் துறை அல்லது மையம் உண்டு.

வழிகாட்டிக்கு முதல் கடிதம் எப்படி எழுதுவது?

ஒரு பக்கம் போதும். அவருடைய கட்டுரை ஒன்றையாவது வாசித்துவிட்டு எழுதுங்கள். முதல் பத்தியில் நீங்கள் யார், எம்.டிஎச். அல்லது எம்.ஏ. எங்கே, எத்தனை சதவீதம். இரண்டாவதில் உங்கள் கேள்வி, ஒரே வாக்கியத்தில். மூன்றாவதில் எந்த ஆவணத்தை வைத்து, எந்த மொழியில் வாசிக்கப்போகிறீர்கள். கடைசியில், இந்த ஆண்டு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். "ஐயா, தலைப்பு நீங்களே கொடுங்கள்" என்று எழுதாதீர்கள். பேராயரின் சிபாரிசுக் கடிதத்தை முதல் கடிதத்தோடு வைக்க வேண்டாம், கேட்டால் அனுப்பலாம். மூன்று வாரம் பதில் வரவில்லை என்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.